தீபாராதனையும் கோடு விழுந்த திரையும்

இலங்கை மலையகத்தில், ஹேவாஹெட்ட வீதியோரத்து எங்கள் கோயிலில், வெள்ளி மாலைகளில் பதிகங்களைச் சுவரில் பெரிய எழுத்தில் காட்டும் பணி என்னுடையது. யாரோ கழித்த பழைய கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவி, பாடல்களை எழுத்தெழுத்தாய் நானே ஏற்றினேன். முன்பெல்லாம் ஓதுவார் பாடுவார், மற்றவர் கைகூப்பி நிற்பர். சுவரில் எழுத்து வந்தபின் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் வாய்விட்டுப் பாடத் தொடங்கினர். அக்குரல் எழும்போது என் நெஞ்சு நிமிரும், அதை மறைப்பதற்கில்லை.

அந்தக் கணினி வெறும் எழுத்துள்ள கறுப்புத் திரையோடு விழிக்கும். ஒரு கட்டளை தட்டினால் வரைகலைத் திரை திறந்து, பதிகம் புரொஜெக்டர் வழியே சுவரில் விழும். பூசை முடிந்து, பள்ளியறைப் பாடலை ஏற்றுவதற்காக அதைவிட்டு வெளியேறும்போதுதான் வினை. கறுப்புத் திரை திரும்பாது. கணினியின் திரையில் பச்சையும் ஊதாவுமாய்க் கோடுகள் நிற்கும். மின்சாரத்தை நிறுத்தி மறுபடி ஏற்றினால், கணினி தன் வன்வட்டைச் சோதித்து முடிக்க வெகுநேரம் எடுக்கும். பள்ளியறைப் பாடலுக்கு அடியார்கள் காத்து நிற்பர்.

"ஐயா, ஒங்க கம்ப்யூட்டரு கண்டாங்கிச் சேலை நெய்யுதே!" என்றார் கோயில் தலைவர். எல்லோரும் சிரித்தனர். பிறகு அவர் குரல் மாறியது. "இன்னொரு வெள்ளி இப்படி ஆச்சுன்னா, பழையபடி ஓதுவாரே பாடட்டும். சனம் எவ்வளவு நேரந்தான் நிக்கும்?"

"எங்க வாய அடைச்சிறாதீங்க, ஐயா. இப்பதானே தொறந்துச்சு," என்றாள் முன்வரிசையில் நின்ற பெண்ணொருத்தி.

மறுநாள் பகலில் தனியே அமர்ந்து பலமுறை நுழைந்தேன், வெளியேறினேன். ஒரு கோடும் விழவில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் ஏன்? அப்போதுதான் எங்கள் வழக்கம் நினைவில் எழுந்தது. தீபாராதனை வேளையில் விளக்கொளி தவிர வேறொளி கூடாதென்று புரொஜெக்டரை முதலில் அணைத்துவிடுவோம். அவ்வண்ணமே அணைத்துவிட்டு வெளியேறினேன். கோடுகள் வந்து நின்றன.

கண்ணுக்கு எதுவும் தெரியாமலே, நிறுத்தும் கட்டளையை மனப்பாடமாய்த் தட்டினேன். கணினி முறையாக அணைந்தது. அதன் அறிவு கெடவில்லை. எழுத்துத் திரையை விரிக்கத் திரும்புகையில், எதிரே இருந்த புரொஜெக்டர் அணைந்து காணாமற்போனதில் காட்சி மட்டும் குழம்பியிருக்கிறது.

வழக்கத்தை விடவும் மனமில்லை, பாட்டை விடவும் மனமில்லை. ஆகவே பதிகத்தின் இறுதியில் எழுத்தே இல்லாத கறுப்புப் பக்கமொன்றைச் சேர்த்தேன். மிஞ்சும் மங்கலொளிக்குப் புரொஜெக்டரின் கண்ணை மூடினால் போதும். வரைகலைத் திரையை விட்டு வெளியேறிய பின்னரே புரொஜெக்டரை அணைக்கலாம் என்று முறை வகுத்தேன்.

அடுத்த வெள்ளியன்று தீபம் உயர்ந்தபோது சுவர் இருண்டிருந்தது. ஆராதனை முடிந்ததும் வெளியேறினேன். கறுப்புத் திரையில் வெள்ளெழுத்து துலக்கமாய் நின்றது. உடனே புரொஜெக்டரின் கண்ணைத் திறந்து, மீண்டும் கட்டளையைத் தட்டினேன். பள்ளியறைப் பாடலின் முதலடி சுவரில் விரிய, தலைவர் திரும்பிப் பார்ப்பதற்குள் முன்வரிசைப் பெண் பாடத் தொடங்கியிருந்தாள். ஓதுவார் அவளுக்குத் தாளம் போட்டார்.