கடைசிப் படத்தில் இல்லாத ஆள்

டீசலும் கிரீஸும் கலந்த வாசனைதான் எனக்குப் படப் புத்தகத்தின் வாசனை. கடையில் பிள்ளைகளுக்கான புதுப் புத்தகத்தை விரித்து இன்றும் மூக்கருகே கொண்டுபோய், ஏமாந்து திரும்ப வைத்துவிடுகிறேன். என் புத்தகம் ரிக் வண்டியின் ‘டூல்ஸ் பெட்டி’யில் ஸ்பேனர்களோடு உருண்டு, வடக்கே ஏதோ ஒரு பஸ் ஸ்டாண்டிலிருந்து மல்லசமுத்திரம் பக்கத்து எங்கள் ஊருக்கு வந்தது. அப்பா ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியின் டிரைவர். போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். நான் பள்ளிக்கூடம் சேர்வதற்கு முந்தைய வருடம் அதைக் கொண்டுவந்தார்.

அதன் எழுத்து வீட்டில் யாருக்கும் தெரியாது. கொடியில் காயப்போட்ட துணிபோல மேலே ஒரு கோடு, அதில் தொங்கும் எழுத்துகள். ஆகவே பாயில் படுத்ததும் அம்மா படத்தைப் பார்த்துத் தானே கதை கட்டுவார். முதல் படத்தில் சிவப்புத் தலைப்பாகைக்காரர் ஒருவர் தன் பிள்ளையோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார். அடுத்து கைத்தடியோடு கிளம்புகிறார். அடுத்து மரங்களுக்கு நடுவே விரலளவு சிறுத்துப்போகிறார். அதற்கடுத்த பக்கம் முழுக்க இருட்டு. இருட்டுக்குள் இரண்டு மஞ்சள் கண். அது வரும்போது அம்மாவின் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொள்வேன்.

ஆனால் என்னை நிஜமாகக் கலங்கடித்தது கடைசிப் படம். விடிந்திருக்கும், ஆடு மேயும், வாசலில் அந்தப் பிள்ளை நிற்கும். அவர் இருக்கமாட்டார். கடைசித் தாள் வண்டியிலேயே கிழிந்து போயிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அதெல்லாம் தெரியாது. தலைப்பாகைக்காரர் என் அப்பா, அவர் திரும்பவில்லை, அவ்வளவுதான். அவர் எங்கே என்று தினமும் கேட்பேன். ஒருநாள் அம்மா, “ஊட்டுக்குப் பொறகால கால் கழுவிட்டிருக்கறாரு” என்பார். ஒருநாள் சந்தைக்குப் போயிருப்பார், ஒருநாள் உள்ளே கட்டிலில் குறட்டை விடுவார். புளுகுவதில் அம்மாவை மிஞ்ச ஆளில்லை. அந்தப் பதில் கிடைத்தால்தான் எனக்குக் கண் மூடும்.

ஆயுத பூஜைக்கு வண்டிகள் ஊர் திரும்பும். அந்த வருடம் மற்ற வண்டிகளெல்லாம் வந்து, கழுவி, சந்தனம் வைத்து, வாழைக்கன்றும் கட்டியாயிற்று. அப்பாவின் வண்டி மட்டும் வரவில்லை. வந்தவர்களில் ஒருவர், மலைப்பாதையில் நம் ஊர்ப் பக்கத்து ரிக் ஒன்று கவிழ்ந்து கிடப்பதாகக் கேள்விப்பட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். எந்த வண்டி என்று அவருக்குத் தெரியவில்லை. எதிர் மளிகைக் கடையின் போனுக்கு ஏதாவது அழைப்பு வந்ததா என்று அம்மா போய்ப் போய்ப் பார்த்தார். வரவில்லை.

அன்று ராத்திரியும் நான் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். அம்மா மறுக்காமல் பக்கங்களைத் திருப்பினார். மஞ்சள் கண்ணைத் தாண்டிக் கடைசிப் படம் வந்தது. வழக்கம்போலக் கேட்டேன். அம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பயம் என்றால் என்னவென்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அம்மாவிடமே கதை தீர்ந்துவிட்டது. யாராவது எதையாவது சொல்லாவிட்டால் அப்பா வராமலே போய்விடுவார் என்ற அவசரத்தில் நானே சொன்னேன்.

“டயரு பஞ்சராயிருச்சும்மா. மாட்டீட்டு வாராரு.”

“செரி சாமி” என்று அம்மா விளக்கை அணைத்தார்.

சில நாள் கழித்து அப்பா வந்து சேர்ந்தார். கவிழ்ந்தது வேறு யாருடைய வண்டியோ. வீடே துள்ளியது. அந்த வண்டிக்காரருக்கும் ஒரு வீடு இருந்திருக்கும், அங்கேயும் ஒரு பிள்ளை கேட்டிருக்கும் என்பது எனக்கு உறைக்கப் பல வருடம் ஆயிற்று. உறைத்த பிறகு, அந்தத் துள்ளலை நினைத்தாலும் பயமாகத்தான் இருக்கிறது.

இப்போது அப்பா ஓய்ந்து வீட்டோடு இருக்கிறார். புத்தகம் கரையானுக்குப் போயிற்று. எந்த ரிக் எந்த ஊரில் நிற்கிறது என்பதைப் போனில் ஒரு புள்ளி காட்டிவிடுகிறது. என் மகளின் புத்தகங்களில் எழுத்து தமிழில். ஒரு வரி மாற்றிச் சொன்னால்கூட அப்படியில்லை என்று சண்டைக்கு வருகிறாள். ஆளைக் காணோமே என்று கதை கட்டும் வேலை யாருக்கும் இல்லை.

போன மாதம் அம்மாவிடம், அன்று நான் சொன்னதை நம்பினாயா என்று கேட்டேன்.

“நம்பலை சாமி. அதுவரைக்கும் பயத்துல அழுவைகூட வரலை. நீ சொன்னதுக்கப்பறந்தான் வந்துச்சு.”

அன்று அம்மா விளக்கை அணைத்தது தூங்கத்தான் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.