தோசைக்கு ஒரு காட்சி

கல்லூரியில் நான் டிவி தொடர்களைப் பற்றிப் பாடம் நடத்துகிறேன் என்றால் எங்கள் ஊரில் யாரும் நம்புவதில்லை. இதையெல்லாமா படிக்க வைக்கிறார்கள் என்று சித்தப்பா இன்றும் சிரிக்கிறார். ஒரு தொடரில் பெண்ணை எப்படிக் காட்டுகிறார்கள் என்று பார்த்தால் மட்டும் போதாது. அதைப் பார்க்க யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யாருக்கு உட்கார வாய்க்கவில்லை என்றும் கேட்க வேண்டும். பெண்ணிய விமர்சனம் எனக்குக் கற்றுத் தந்த கேள்வி இது. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எருத்தேன்பதியில் எங்கள் வீட்டு அடுப்படிதான் நினைவுக்கு வரும்.

டிவி முன்னறையில் இருந்தது. அடுப்படி கொல்லைப்பக்கம் தனியாக. பாட்டுச் சத்தம் மட்டும் அங்கே எட்டும், பேச்சு கேட்காது. தொடர் ஓடும் நேரம்தான் அப்பாவும் சித்தப்பாவும் சாப்பிடும் நேரம். "பொம்பளைக அழுகறதுக்குன்னே எடுக்கறானுங்க" என்பார் சித்தப்பா. கண்ணை மட்டும் எடுக்க மாட்டார். தோசை சுடச்சுடத் தட்டில் விழ வேண்டும் என்பதால் அம்மா கல்லை விட்டு நகர முடியாது. கொண்டுபோய் வைப்பது ஒன்பது வயதான என் வேலை. போகும்போது தோசை, வரும்போது கதை.

"ஏங்கண்ணு, அவ என்ன சொன்னா? மூஞ்சிய எப்படி வெச்சிருந்தா?" என்று அம்மா கரண்டியோடு காத்திருப்பாள். நான் நடித்தே காட்டுவேன். விளம்பரம் வந்ததும் தண்ணீர்ச் சொம்போடு அவளே முன்னறைக்கு ஓடி வருவாள். பாவம், சோப்பையும் பற்பசையையும்தான் அவள் கண்ணாரப் பார்த்தாள்.

அந்த வருஷம் சித்திரையில் அப்பாவோடு சண்டை போட்டு, ஒரு பையை எடுத்துக்கொண்டு, மாநில எல்லையில் இருந்த கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டித் தன் பிறந்த வீட்டுக்குப் போனாள் அம்மா. நாலாம் நாள் மாமாவே கூட்டிவந்து விட்டுவிட்டுப் போனார். ஏன் சண்டை என்று எனக்குத் தெரியாது. அந்த நாலு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை என்பதுதான் தெரியும்.

ஐப்பசியில் ஒரு நாள், மழை ஓட்டில் அடித்துக்கொண்டிருந்தது. தொடரில் முந்தின நாள் கணவனிடம் அறைவாங்கிய கதாநாயகி பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போய்விட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெறும் தட்டோடு அடுப்படிக்கு வந்தேன்.

"போயிட்டாளா?" என்றாள் அம்மா. முகமெல்லாம் ஆவல்.

"இல்லம்மா. வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துட்டா. மாமியா கால்ல உழுந்து மன்னிப்புக் கேட்டா."

கல்லில் தோசை தீய்ந்தது. அம்மா அதைத் திருப்பவில்லை.

"அவளுமா?" என்றாள்.

மறுநாளிலிருந்து அவள் கதை கேட்கவில்லை. நானாகச் சொல்லப் போனாலும், "தோசை ஆறுது, கொண்டுபோ" என்பாள். விளம்பரத்துக்கும் வரவில்லை, சொம்பையும் என்னிடமே கொடுத்துவிட்டாள்.

அம்மா இறந்து மூன்று வருஷம் ஆகிறது. அவ திரும்பி வரவே இல்லம்மா, தனியா ஊடு புடிச்சு, தையல் கடை வெச்சுப் பொழைச்சுக்கிட்டா என்று அவளிடம் சொல்ல எனக்கு அவ்வளவு ஆசையாக இருக்கிறது. அந்தப் பொய்யைச் சொன்ன அன்றைக்கோ, அம்மா இனி எங்கும் போகமாட்டாள் என்ற நிம்மதியில் நான் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன். போக முடியாதவளுக்கு, போனவள் ஒருத்தியாவது வேண்டியிருந்தது என்பது எனக்குத் தெரியவில்லை.