வாசலுக்கு வெளியே என் பூட்ஸ்

மலேசியாவின் கிள்ளானில் ஒரு வாரம் விடாத மழை. வாசலுக்கு வெளியே செருப்பு அலமாரியில் இருந்த என் தோல் பூட்ஸை எடுத்துப் பார்த்தால், மேலெல்லாம் பூசணம் பூத்திருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வினிகர் தொட்டுத் துடைத்து, உள்ளே பழைய பேப்பரைத் திணித்தேன். இனி நல்ல காற்றில் காய்ந்தால்தான் அது பிழைக்கும். ஹாலில் மின்விசிறிக்குக் கீழே வைத்ததுதான் தாமதம், அம்மா பாய்ந்து வந்தார்.

"சாமி படம் இருக்கிற எடத்துல செருப்பா? வெளிய எடு!"

"வெளிய வச்சித்தாம்மா இப்படி ஆச்சு!"

சுவரில் தம்பியின் உறுமி மேளம் தொங்கியது. மழை தொடங்கியதும் அதை உள்ளே கொண்டுவந்து மாட்டியதே அம்மாதான்.

"அதுவும் தோலுதானே?" என்று கத்தினேன்.

"அது சாமிக்கு அடிக்கிறது லா. ஒன் பூட்ஸ் கக்கூஸுக்கெல்லாம் போயிட்டு வருது."

எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. பூட்ஸை வெளியே வைத்து, மேசை விசிறியைத் தூக்கிப் போய், வயரை ஜன்னல் வழியே இழுத்து, கார் நிறுத்தும் இடத்தில் பூட்ஸுக்கு முன்னால் வைத்தேன்.

அம்மா எட்டிப் பார்த்தார். "பக்கத்து வீட்டு ஆன்டி பாக்குறாங்க. பூட்ஸுக்கு வேர்க்குதான்னு கேக்கப் போறாங்க."

நான் சிரிக்கவில்லை. விசிறியின் வேகத்தைக் கூட்டினேன்.