சின்ன அறை, சின்னப் பெட்டி, அடங்காத வாய்

ஸ்பீக்கர் விற்கிற வேலையில் காதைத் தீட்டுவதைவிடச் சிரிப்பை விழுங்குவதுதான் பெரும்பாடு. கடையில் நின்று வாடிக்கையாளரைச் சமாளித்தவர்களே, உங்களுக்குத் தெரியாததா!

பிளஸ் டூ முடித்த கையோடு திருப்பூரில் கோகிலாக்காவின் ஸ்பீக்கர் கடையில் சேர்ந்தேன். சின்ன அறையில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பவர்களுக்கான சின்னப் பெட்டிகள்தான் எங்கள் சரக்கு. கடைக்குப் பின்னால் பத்துக்குப் பத்தில் ஓர் அறை. பிடித்த பெட்டி ஜோடியை அங்கே வைத்துக் கேட்டுப் பார்க்கலாம். ஆள் இல்லாத நேரத்தில் அக்கா என்னையும் கேட்க விடுவார். அந்த அறைக்காகவே விடுமுறை நாளிலும் வந்து நிற்பேன். சிக்கல் என் வாய்தான். வருகிறவர் குரலெல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். முதல் வாரமே அக்கா சொல்லிவிட்டார்: “நீ கஸ்டமராட்டப் பேசறதைக் கஸ்டமரே கேட்டுட்டாங்கன்னா, அன்னிக்கே ஊட்டுக்குப் போயிர வேண்டியதுதான் அம்மிணி.”

செகண்ட்ஸ்

பெருமாநல்லூரிலிருந்து ஒரு பனியன் கம்பெனிக்காரர் வந்தார். ஜோடிகளை வரிசையாக வைத்தேன். அவர் ஒன்றையும் கேட்கவில்லை. முகப்புத் துணியைக் கட்டைவிரலால் தேய்த்தார், இழுத்தார், வெளிச்சத்தில் பிடித்தார். கம்பெனியில் வந்திறங்கும் துணியைப் பார்க்கிற அதே கண். துணியில் பொடிப்பொடியாக ஓட்டை இருந்தால்தானே சத்தம் வெளியே வரும்? அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள், கழித்துப்போட்ட பனியனைத் தள்ளுவதுபோலப் பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

“பூராவும் ஓட்டை கண்ணு. செகண்ட்ஸெல்லாம் எங்ககிட்டயே மூட்டை மூட்டையாக் கெடக்குது, நல்ல பீஸா எடு.”

ஆளுயரப் பெட்டி

தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே கட்டிங் மாஸ்டராக இருக்கிற ஓர் அண்ணன். வாசலில் பார்வைக்கு நிறுத்தியிருக்கும் ஆளுயர ஜோடி மேல்தான் அவருக்கு ஆசை. படுக்க, சமைக்க எல்லாவற்றுக்கும் ஒரே அறைதான் அவர் வீடு. சின்ன அறையில் பெரிய பெட்டி வைத்தால் சத்தம் சுவரில் முட்டிக் குழம்பி, பாட்டுக்குப் பதில் ‘கும் கும்’தான் மிஞ்சும் என்று அக்கா விளக்கினார். “அதெல்லாம் பாத்துக்கிடலாம்க்கா” என்று அண்ணன் பெட்டியைத் தடவிக்கொண்டே இருந்தார். கூட வந்திருந்த மனைவி கையைக் கட்டிக்கொண்டு பெட்டியை மேலும் கீழும் பார்த்தார்.

“சரி, பெட்டிய உள்ள வச்சிருவோம். நீங்களும் நானும் தெருவுல நின்னு கேப்பமா?”

மெதுவான குரல்

மங்கலத்தில் தறி ஓட்டுகிற ஓர் ஐயா. தறிச்சத்தத்திலேயே காலம் கழித்த காது. எந்த ஜோடியை வைத்தாலும், “ஏனுங்க, இன்னுங் கொஞ்சம் சத்தம் வெய்யுங்க, வார்த்தையே தெரியலீங்க” என்பார். வைத்தால் இன்னும் குழம்பும். நாளைக்கு வீட்டம்மாவோடு வருகிறேன் என்று போய்விட்டார். எனக்கு வாய் சும்மா இருக்குமா? சாப்பாட்டு நேரத்தில் அந்தக் குரலை அப்படியே பேசி என் போனில் பதிந்து வைத்தேன்.

மறுநாள் இருவரும் வந்தார்கள். என் போனிலிருந்துதான் பாட்டு ஓடிற்று. ஐயாவுக்கு மறுபடி அதே குறை. அவசரமாகப் பெட்டிகளைச் சுவரை விட்டு முன்னால் இழுத்தேன். இழுத்த வேகத்தில் கை போனில் பட்டது. பாட்டு நின்று, ஸ்பீக்கரில் ‘ஐயா’ பேசினார்: “ஏனுங்க, இன்னுங் கொஞ்சம் சத்தம் வெய்யுங்க, வார்த்தையே தெரியலீங்க.”

அக்கா என்னைப் பார்த்தார். நான் என் பையைப் பார்த்தேன். ஐயா மட்டும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். “வார்த்தை வார்த்தையாத் தெரியுதுங்களே! ஆருங்க இந்தாளு? நம்ம பக்கத்துக்காரராட்ட இருக்குது!” சுவரை விட்டு நகர்ந்ததில் ‘கும்’ அடங்கியிருந்தது. அதே பாட்டைத் திரும்பப் போட்டேன். இப்போது வார்த்தையைப் பிடித்துக்கொண்டு கூடவே முணுமுணுத்தார். அந்த ஜோடியையே கட்டச் சொன்னார். வீட்டம்மாவுக்குத்தான் சந்தேகமே இல்லை.

“அது நீங்கதானுங்க. ஊட்டுல ஒரு நாளாச்சும் இத்தனை மெதுவாப் பேசியிருக்கீங்களா?”

பை

அவர்கள் போனதும், சொல்லாமலே பையை எடுத்துத் தோளில் மாட்டினேன். அந்த அறையை ஒரு தடவை எட்டிப் பார்த்தேன். கல்லாவுக்குப் பின்னால் அக்கா மேசையில் தலையைக் கவிழ்த்திருந்தார். அழுகிறாரோ என்று பக்கத்தில் போனால், தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“பையை வெய்யி. இனி வர்றவங்களுக்கு முதல்ல உன்ற பேச்சைப் போடு, அப்பறம் பாட்டு. ஆனா என்னாட்ட மட்டும் பேசினே, தொலைச்சுப்போடுவேன்.”

மங்கலத்து ஐயாவுக்கும் அக்காவுக்கும் அந்தப் பத்தடி அறைக்கும் வாயார நன்றி சொல்லிவிட்டேன். அக்காவின் குரலும் என் போனில் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லவில்லை.