ஒரு பாவாடையின் இரண்டு பச்சை

காலை எட்டு மணி ஐம்பது நிமிடம். பள்ளிக்கூடத்துப் பெரிய கூடத்தின் கதவைத் தள்ளியதும் மைதா பசையின் புளித்த வாடை முகத்தில் மோதியது. அடுத்த நொடி, வரிசையாகச் சேர்த்துப் போட்ட பெஞ்சுகளின் மேல் சாய்த்து வைத்திருந்த பதினாறு துணிப் படங்களில் ஆறாவது படத்தின் பச்சை கண்ணில் பட்டது. மற்ற பதினைந்தில் என்ன இருந்தது என்று கேட்டால் இன்று பாதிகூடச் சொல்ல முடியாது. அந்தப் பச்சை எனக்கு நன்றாகத் தெரியும். கடுகளவு வெள்ளைப் புள்ளி போட்ட பச்சை. அது என் பாவாடை.

எழுபதுகளின் கடைசியில், நான் கள்ளக்குறிச்சியில் எட்டாம் வகுப்பு படித்தபோது, எங்கள் தையல் டீச்சர் சரோஜா ஒரு யோசனை சொன்னார். தையல்காரர்கள் கூட்டித் தள்ளும் "வெட்டுத்துணி"யையும் வீட்டுப் பழந்துணியையும் கத்தரித்து அட்டையில் ஒட்டி, நாங்கள் தினமும் பார்க்கிற மலை, ஏரி, கரும்புக்கொல்லை, பனைமரம் இவற்றைப் படமாக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரு நாள் கண்காட்சியாக வைக்க வேண்டும். சிறந்த ஒன்றைக் கடலோரத்தில் இருந்த வேறொரு பெண்கள் பள்ளிக்கு அனுப்பி, அவர்கள் துணியில் செய்த கடலைப் பதிலுக்கு வாங்கிக்கொள்ள வேண்டும். மிச்சத்தை விற்று, கல்வராயன் மலைப் பிள்ளைகள் தங்கிப் படித்த விடுதிக்குக் கம்பளி வாங்கித் தர வேண்டும். கண்காட்சி, பரிமாற்றம், தர்மம் என்று டீச்சர் மூன்று விரல் மடக்கினார். எனக்கு இரண்டாவது விரல் மட்டுந்தான் தெரிந்தது. நான் கடலைப் பார்த்ததில்லை. நான் போகாவிட்டாலும் என் படம் போகும், அங்கே யாரோ ஒருத்தி அதைப் பார்த்து என் பெயரைச் சொல்வாள். போகப்போகிற அந்த ஒரு படம் என்னுடையதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

சந்தேகம் இல்லாததற்குக் காரணம் என் பிஸ்கட் டின். அப்பா கடைவீதி ஜவுளிக்கடையில் துணி அளந்து கிழித்துக் கொடுக்கும் வேலையில் இருந்தார். துணிச் சுருளின் முனையில் மிஞ்சும் "கட்பீஸ்" எல்லாம் அந்த டின்னுக்கு வரும். சாட்டின், பாப்ளின், வாயில், எல்லாம் உடம்பு படாத கோடித் துணி. "வாணி, நாலு பேருக்குக் குடுத்துட்டு ஒட்டு," என்று டீச்சர் சொன்னால், அடியில் கிடக்கும் விரலகலத் துண்டுகளைக் கொடுத்துவிட்டு மூடியை அழுத்திச் சாத்துவேன். நீலச் சாட்டினில் தண்ணீர் வைத்து, கரையில் சிவப்பு அரளி வைத்து, கோமுகி அணையைச் செய்தேன். மைதா பசையில் பூச்சி வராமல் மயில்துத்தம் கலந்து காய்ச்சிக் கொடுத்த டீச்சர், முதல் நாளே எல்லோரையும் எச்சரித்திருந்தார்: "கோடித் துணிய ஒரு வாட்டி அலசிக் காய வெச்சிட்டு ஒட்டுங்க. இல்லன்னா பசை பட்டதும் சுருங்கும், சாயம் வுடும்." அலசினால் பளபளப்புப் போய்விடும். நான் அலசவில்லை.

ராமாயி கூடத்தின் கோடியில், தண்ணீர்ப் பானை ஓரமாக உட்கார்ந்து ஒட்டினாள். வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூர் அவளுடையது. விடுதியில் தங்கி எங்கள் வகுப்பில் படித்தாள். என்னைவிட ஒரு சாண் குள்ளம். ஒரு துண்டில் முடிந்து அவள் கொண்டுவந்ததெல்லாம் வெளுத்த லுங்கிக் கிழிசல், விடுதியில் சமைக்கும் ஆயம்மாவின் பழஞ்சேலை முந்தி, கம்பி போன குடையின் துணி, அவ்வளவுதான். கத்தரிக்கோல்கூட இரவல். பொறாமை வந்தால் வயிறு எரியும் என்பார்கள். எனக்கு வயிறு எரியவில்லை, கண் கூர்மையாயிற்று. வெட்டுவதற்கு முன் அவள் ஒவ்வொரு துணியையும் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். இரண்டை அடுத்தடுத்து வைத்துக் கண்ணைச் சுருக்குவாள். ஓரத்தைக் கத்தரிக்காமல் நூலை உருவிப் பிசிராக விடுவாள், ஒட்டியதும் அந்தப் பிசிர் மரங்களின் தலையாகிவிடும். என் சாட்டினைத் தடவிக்கொண்டே இதையெல்லாம் பார்த்தேன். பிற்காலத்தில் செய்தித்தாள் வேலையில், பார்க்காததுபோல் இருந்து எல்லாவற்றையும் பார்க்கிறவள் என்று பெயர் வாங்கினேன். அது படம் ஒட்டிய அந்த மூன்று வாரத்தில் வந்த பழக்கம்.

"இன்னாடி, வெளுத்த துணியிலயே மலை பண்ற? மலை பச்சை இல்ல?" என்று ஒரு நாள் விஜயா அவளைக் கேட்டாள். விஜயா வடக்கனந்தலிலிருந்து வருகிறவள், என் தோழி, அதுவரை என் பக்கத்தில் உட்கார்ந்து என் சாட்டினைப் புகழ்ந்தவள்.

"கிட்டக்க இருக்கறதுதான் பச்ச. எட்டப் போவப் போவ வெளுத்துக்கினே போவும். நீ மலை மேல நின்னு பாத்தாத்தான தெரியும்," என்றாள் ராமாயி, தலையைத் தூக்காமல்.

"நான் ஏன் அங்க வந்து நிக்கிறேன்? எங்க வூட்ல எனக்கு மாடு பூட்டற வேல இருக்குது."

எல்லோரும் சிரித்தார்கள், ராமாயியும். ஆனால் மறுநாள் விஜயா தன் அட்டையைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்ப் பானைப் பக்கம் போய்விட்டாள். மூன்றாவது வாரக் கடைசியில் பதினாறு பேரில் ஒன்பது பேர் அங்கே இருந்தார்கள். தாகம் எடுத்தாலும் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்பு என் பசை காய்ந்தது. சாட்டின் சுருங்கி, அணைத் தண்ணீர் முழுவதும் கிழவி கன்னம்போல் மடிப்பு விழுந்தது. அரளிச் சிவப்பு இறங்கிக் கரையை நனைத்தது. விஜயா வந்து குனிந்து பார்த்தாள். "இன்னா வாணி, அணைக்கட்டு மேல கெடா வெட்டிட்டாங்களா?" அன்று சாயங்காலம் ராமாயி தன் படத்தில் பாக்கி இருந்த இரண்டு அடுக்குகளை விடுதியில் வைத்து ஒட்டிக்கொள்வதாகச் சொல்லி அட்டையை எடுத்துப் போனாள். ஆகவே அதை நான் முழுதாகப் பார்த்தது கண்காட்சி அன்று காலைதான்.

ஐந்து மலைத்தொடர், ஒன்றன் பின் ஒன்றாக. கடைசித் தொடர் வெளுத்த லுங்கியில், எது மலை, எது வானம் என்று சொல்ல முடியாத நீலம். அதற்கு முன்னால் சேலை முந்தி, குடைத்துணி. எல்லாவற்றுக்கும் முன்னால் புள்ளி போட்ட பச்சையில் இரண்டு தொடர், ஒன்று வெளிறிய பச்சை, அடியில் இருந்தது காடுபோல் கறுத்த பச்சை. கள்ளக்குறிச்சியில் மேற்கே திரும்பினால் யாருக்கும் தெரிகிற மலைதான். நன்றாக இருந்தது. சுமாராக இருந்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

"டீச்சர், அது என் பாவாடை," என்றேன், கூடம் முழுவதும் கேட்கும்படி.

"எதுடி உன் பாவாடை?"

"அந்த மலை. போகிக்கு அம்மா விடுதிக்கு மூட்டை கட்டிக் குடுத்தாங்க. பிள்ளைங்க கட்டிக்கத்தான் குடுத்தாங்க, வெட்டி ஒட்டறதுக்கு இல்ல. இவகிட்ட எப்பிடி வந்துச்சின்னு கேளுங்க."

திருடினாள் என்ற சொல்லை நான் சொல்லவில்லை. சொல்லாமலே விளங்கும்படி வாக்கியத்தை அமைத்திருந்தேன்.

ராமாயி வெளியே ஓடினாள். விடுதி அடுத்த தெருவில்தான் இருந்தது. மணி அடிப்பதற்குள் திரும்பி வந்து, கையில் இருந்த பாவாடையைப் பெஞ்சின் மேல் விரித்தாள். அப்போதெல்லாம் வளர்கிற பெண்ணுக்குப் பாவாடை தைத்தால் அடியில் உட்பக்கமாக இரண்டு மூன்று மடிப்புப் பிடித்துத் தைப்பார்கள். ஆண்டுக்கு ஒரு மடிப்பைப் பிரித்துவிட்டால் பாவாடையும் கூடவே வளரும். என் பாவாடையில் இரண்டு மடிப்பு பாக்கி இருந்தது. இன்னும் நீளம் விடலாம் என்று அம்மா சொல்லியும், வெளுத்துவிட்டது, இனிமேல் கட்டமாட்டேன் என்று நான்தான் அடம் பிடித்துக் கழித்திருந்தேன். ராமாயி அதன் அடியிலிருந்து மடிப்போடு சேர்த்து ஒரு சாண் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்துக்கு ஓரம் அடித்து வைத்திருந்தாள். வெளிப்பக்கம் வெயிலும் சோப்பும் தின்ற பச்சை. மடிப்புக்குள்ளே, அப்பா கடையில் கிழித்த அன்றைய பச்சை. இரண்டு தொடரும் ஒரே துணியிலிருந்து வந்தவை.

"வார்டன் அம்மா எனக்குன்னு குடுத்ததுதான் டீச்சர். கட்டிக்கினுதான் இருக்கேன்," என்றாள்.

டீச்சர் பாவாடையின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தார். "மடிப்பையெல்லாம் வெட்டிப்புட்டியேடி. அடுத்த வருஷம் இன்னா பண்ணுவ?"

"அடுத்த வருஷம் கெடக்குது டீச்சர். இந்தக் கறுத்த பச்ச வேற எங்கியும் கெடைக்கல."

மூன்று வாரத்தில் எனக்கு உண்மையிலேயே வலித்தது இந்த ஒரு வாக்கியந்தான். என் டின்னில் இருந்த எதற்காகவும் நான் ஒரு நாள் உடுப்பைக்கூட விட்டுக்கொடுத்திருக்க மாட்டேன்.

எங்கள் ஊரில் யார் எதைக் கொடுத்தாலும் பெயர் போடாமல் கொடுப்பதில்லை. கோயில் டியூப்லைட்டில் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு "உபயம்" இருக்கும். பள்ளிக்கூடத்துக் கடிகாரத்தில் இருந்தது. தண்ணீர்ப் பானையின் பித்தளை மூடியில்கூட இருந்தது. டீச்சர் அந்த வழியிலேயே தீர்ப்புச் சொன்னார். "படத்துக்குப் பின்னால ஒரு சீட்டு ஒட்டிடலாம். மேல் வரில செஞ்சது யாருன்னு எழுதணும், கீழ் வரில துணி உபயம் யாருன்னு எழுதணும். சரியா போச்சா?"

"வாணி, நீ மலைக்கே உபயதாரர் ஆயிட்டடி!" என்றாள் விஜயா. கூடமே சிரித்தது.

பகல் பன்னிரண்டு மணிக்குள் பெரியவர்கள் வந்து பார்த்து, கடலோரப் பள்ளிக்கு ராமாயியின் மலை போகட்டும் என்று சொல்லிவிட்டார்கள். மற்றவை ஒவ்வொன்றாக விற்றன. கடைசி வரை பெஞ்சில் இருந்த என் அணையை அம்மா வாங்கினார். நடந்ததைக் கேள்விப்பட்டிருந்த அவர் வீட்டுக்கு வரும் வழியில் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "குடுத்துட்டுச் சொல்லிக்காட்டறதுக்கு, போகிலயே எரிச்சிருக்கலாம்."

அதற்கு முன்பே இன்னொன்று நடந்திருந்தது. வகுப்பில் என் கையெழுத்துதான் நன்றாக இருக்கும் என்பதால், சீட்டு எழுதும் வேலையை டீச்சர் என்னிடம் கொடுத்திருந்தார். மற்றவர்கள் பெஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு வகுப்புகளுக்குப் போன நேரத்தில், மலைக்கு உரிய சீட்டை எழுதினேன், பசை தடவி அட்டையின் முதுகில் ஒட்டினேன், உடனே செய்தித்தாள் சுற்றிச் சணலால் கட்டினேன். ராமாயி வந்து, "கட்டிட்டியா வாணி?" என்றாள். கட்டிவிட்டேன் என்றேன்.

அடுத்த ஜூனில் அந்தப் பாவாடை அவள் கணுக்காலுக்கு மேல் ஏறியிருந்தது. ஆண்டு முடிவதற்குள் கெண்டைக்கால் தெரிந்தது. பிள்ளைகள் கேலி செய்தார்கள், அவள் இழுத்துவிட்டுக்கொள்ளக்கூட இல்லை. அதையும் நான் பொறாமையோடுதான் பார்த்தேன். ஒன்பதாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்து மலைக்குப் போனவள் திரும்பி வரவில்லை.

இப்போது அந்தக் கூடம் இல்லை. பதிலுக்கு வந்த கடல் படம் கூடத்தை இடித்தபோது எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. எங்களையும் கடலோரத்தையும் ஒன்றாக வைத்திருந்த தென்னாற்காடு மாவட்டம் இல்லை. பாவாடைக்கு மடிப்பு வைக்கச் சொல்கிறவர்களும் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன், புயலில் ஓடு பறந்த பள்ளிகளைப் பற்றி எழுதுவதற்காக அந்தக் கடலோர ஊருக்குப் போனேன். காலை பத்து மணி நாற்பது நிமிடம். தலைமையாசிரியை அறையில் நனைந்த பதிவேடுகளுக்கு மேலே சுவரில் மலை மாட்டியிருந்தது. எத்தனையோ ஆண்டு வெளிச்சத்தில் புள்ளிகள் மறைந்து, கறுத்த பச்சையும் வெளுத்து, இரண்டு தொடரும் ஒரே நிறமாகியிருந்தன. நடுவே பிசிர் ஓரம் மட்டும் ஒரு கோடாக நின்றது.

"நான் வர்றதுக்கு முன்னாலருந்தே இருக்குதுங்க. அழகா இருக்குன்னு எல்லாரும் கேப்பாங்க. யார் பண்ணதுன்னு பின்னால எழுதியிருக்கு, பாருங்க," என்றார் தலைமையாசிரியை.

ஆணியிலிருந்து கழற்றித் திருப்பினேன். துத்தம் போட்ட பசை, பூச்சி தொடவில்லை. சீட்டில் என் கையெழுத்தில் ஒரு வரிதான் இருந்தது. "உபயம்: ம. கலைவாணி, எட்டாம் வகுப்பு."