பலாப்பழத்துக்கு ஒரு சீட்

வேலை நாட்களில் பொன்மலை ரயில்வே பணிமனையில் வெல்டிங். விடுமுறை நாட்களில் பட்டிமன்ற மேடை. மட்டுவார்குழலிக்கு இரண்டுமே பற்றவைக்கிற வேலைதான் என்று கூட வேலை பார்ப்பவர்கள் கிண்டல் செய்வார்கள்.

மேடையில் அவருக்குக் கைகொடுப்பது ஒரே ஒரு கதை. மாமியார் பாப்பாயி பச்சைமலையிலிருந்து பலாப்பழத்தோடு பஸ் ஏறினார். பழத்துக்கும் டிக்கெட் எடுக்கச் சொன்னார் கண்டக்டர். "டிக்கெட் எடுத்தா சீட் உண்டுல்ல?" என்று கேட்ட பாப்பாயி, காலியாக இருந்த ஒரே சீட்டில் பழத்தை உட்காரவைத்துவிட்டு, திருச்சி வரை நின்றுகொண்டே வந்தார். இதைச் சொன்னால் கூட்டம் அதிரும். முதன்முதலில் சொல்வதற்கு முன் குழலி அனுமதி கேட்டார். "சிரிக்கிறதுக்குச் சொல்லிக்க. பழத்தை அறுத்த கதைய மட்டும் சொல்லாத" என்றார் பாப்பாயி.

இந்தப் பொங்கலுக்கு ஸ்ரீரங்கத்தில், ஒரு குடியிருப்போர் சங்கம் நடத்திய பட்டிமன்றம். மருமகள் பேசுவதைக் கேட்க முதல்முறையாக வந்த பாப்பாயி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். எதிரணியில் பாலக்கரை ஜெய்சங்கர், மேடைக்குப் புதியவர். முதலில் பேசியது அவர்தான்.

"எங்கம்மா ஒருதடவை பச்சைமலைலேர்ந்து பலாப்பழத்தோட பஸ் ஏறுனாங்க..."

குழலி நிமிர்ந்து பார்த்தார். அதே கண்டக்டர், அதே டிக்கெட். சிரிப்புக்கு முன்னால் மூச்சு விடும் இடம்கூட குழலி விடும் இடமேதான். கூட்டம் சிரித்து ஓய்வதற்குள் குழலியின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். இப்போது அந்தக் கதையைச் சொன்னால் திருட்டுப் பட்டம் அவருக்குத்தான். சொல்லாமல் விட்டால், பாப்பாயி இனிமேல் ஜெய்சங்கரின் அம்மா.

மைக்கைப் பிடித்தார். கோபத்தை முந்திக்கொண்டு ஒரு சந்தேகம் வந்தது. இவருக்கு இந்தக் கதை எதுவரைக்கும் தெரியும்?

"ஜெய்சங்கர் சார், அருமையான கதை. வீட்டுக்கு வந்த பழம் கடைசியில என்னங்க ஆச்சு?"

"என்ன ஆகும்? அறுத்தோம், தின்னோம். தேனாட்டம் இருந்துச்சு!"

"பொய்யி!" முன்வரிசையிலிருந்து குரல் கிளம்பியது. "உள்ள அழுகிப் போயிருந்துச்சு."

நடுவர் சுப்புராமன் எட்டிப் பார்த்தார். "நீங்க யாரும்மா?"

"பழத்தை உக்கார வச்சுட்டு நின்னுக்கிட்டே வந்தவ. சொல்லாம கல்யாணம் பண்ணிக்கிட்டான்னு மவங்கிட்ட பேசாம இருந்தேன். பேசலாம்னுதான் அதைத் தூக்கிட்டு வந்தேன். அறுத்தா அழுகல். அடுப்படியில உக்காந்து அழுதுட்டேன். அந்தா மைக்கோட நிக்கிறாளே என் மருமவ, அவதான் தேடித் தேடி ஒரு நல்ல சுளைய எடுத்துத் தின்னுட்டு, இனிக்குது அத்தைன்னா."

ஜெய்சங்கர் எழுந்து வந்து மைக்கைக் கேட்டு வாங்கினார். "கதை இவங்களோடதுதான். மன்னிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

பட்டிமன்றம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் குழலியும் பாப்பாயியும் இருந்த இடத்துக்கு வந்து நின்றார். "யூடியூப்ல பார்த்தேங்க. உங்க பேரைச் சொன்னா சிரிப்பு கொறஞ்சிடுமோன்னு..."

"சொல்லியிருந்தா நானும் சேர்ந்து சிரிச்சிருப்பேனே சார்."

ஜெய்சங்கர் பாப்பாயி பக்கம் திரும்பினார். "பழம் அழுகினது எனக்குத் தெரியாதும்மா."

"எப்படித் தெரியும்?" என்றார் பாப்பாயி. "அவ எங்கிட்ட கேட்டுட்டுத்தான் மேடையில சொன்னா. நீ யார்கிட்ட கேட்ட?"