சல்லடையும் பயணக் காப்பீடும்

என் அக்கா புருஷனை பஸ் டிப்போவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சல்லடை என்றுதான் சொல்வார்கள். வழியில் ஏதாவது ஒரு நிறுத்தத்தில் பஸ் ஏறி டிக்கெட் சோதிக்கும் வேலை அவருக்கு. டிக்கெட் எடுக்காதவன் ஜன்னலைப் பார்ப்பான், எடுத்துத் தொலைத்தவன் தரையைப் பார்ப்பான் என்பது அவர் கணக்கு. தொலைத்துவிட்டேன் என்று சொல்பவரைத் துருவித் துருவிக் கேட்பார். எங்கே ஏறினீங்க, பக்கத்துல யார் நின்னாங்க, கண்டக்டர் சில்லறை குடுத்தாரா பாக்கி வச்சாரா. தடுமாறினால் அபராதம். தடுமாறாமல் சொன்னாலும் அபராதம்தான். "இவ்வளவு கோர்வையா சொல்றான்னா வீட்லயே ஒத்திகை பாத்துட்டு வந்திருக்கான்" என்பார்.

ஓய்வு பெற்றதும் வேலைதான் போனது, சந்தேகம் போகவில்லை. ஊரிலுள்ள பஸ்களுக்கெல்லாம் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்ததை மொத்தமாக வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். காஸ் சிலிண்டரை எடை போடாமல் உள்ளே விடமாட்டார். மருந்துக் கடையில் அவர் மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து முடிப்பதற்குள் பின்னால் நிற்பவர்களுக்குக் காய்ச்சலே இறங்கிவிடும். எதையும் சோதித்துப் பார்த்தால்தான் ஆயிற்று. ஒரு நாள் கொட்டுகிற மழையில் குழாய் ரிப்பேர்காரருக்குப் போன் செய்து, குழாய் உடைந்து வீடெல்லாம் தண்ணீர் என்று சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் தொப்பலாக நனைந்துகொண்டு சாமான் பையோடு ஓடி வந்தால், "ஒண்ணுமில்ல, அவசரம்னா வருவியான்னு பாத்தேன்" என்றாராம். ரிப்பேர்காரர் இன்று வரை அந்தத் தெருப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை.

"இந்த மனுஷனோட எப்படிக்கா குடும்பம் நடத்துறே?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"என்கிட்ட டிக்கெட் இருக்குடி" என்றாள் அக்கா. அவளுக்கு எதிலும் சிரிப்புதான்.

அக்கா ஒரு கடைக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறாள். யார் யார் வீட்டு ஜன்னலுக்கோ தைத்துத் தைத்து, அவள் பார்த்ததெல்லாம் அவள் தையல் மெஷின் முன்னால் இருக்கும் சுவர்தான். அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. பனி கொட்டுகிற ஊரில் போய் நின்று, கையை நீட்டி அதைப் பிடித்துப் பார்க்க வேண்டும். நான் ஒரு சின்னப் பயண ஏஜென்சியில் வேலை பார்க்கிறேன். டிக்கெட் போடுவது, ரூம் பிடிப்பது, ஆட்களைக் கூட்டமாகச் சேர்த்து வெளிநாட்டுக்கு அழைத்துப் போய்க் கொண்டுவந்து சேர்ப்பது என் பிழைப்பு. தையல் காசைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, அந்தக் குளிர்காலத்தில் எங்கள் குழுவோடு வருவதாக அக்கா சொன்னபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். அத்தானும் வருவதாகச் சொன்னார். சந்தோஷத்தில் கொஞ்சம் குறைந்தது.

நான் எதிர்பார்த்தபடியே அவர் ஒவ்வொன்றாகக் குடைந்தார். கடைசியில் பயணக் காப்பீட்டில் வந்து பிடித்துக்கொண்டார். அதற்கான தொகை ஒரு நல்ல ஜோடி ஷூவின் விலைதான்.

"இது எதுக்கு?" என்றார்.

"போற இடத்துல உடம்புக்கு ஏதாவது ஆனா ஆஸ்பத்திரிச் செலவை அவங்க பாத்துப்பாங்க, அத்தான்."

"ஒண்ணும் ஆகலன்னா?"

"ஒண்ணும் ஆகலன்னா சந்தோஷமா திரும்பி வருவீங்க."

"காசு?"

"காசு அவங்களுக்கு."

"அப்படிச் சொல்லு" என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இதுல உனக்கு எவ்வளவு?"

"கொஞ்சம் கமிஷன் இருக்கு" என்றேன். மறைக்க என்ன இருக்கிறது? ஆனால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கடைசி சீட்டில் ஒளிந்திருந்தவனைக் கையும் களவுமாகப் பிடித்தது போல அப்படி ஒரு பூரிப்பு.

போன வருடம் எங்கள் குழுவில் ஒரு பெரியவருக்கு வெளியூரில் குடல்வால் வெடித்ததையும், காப்பீடு வேண்டாம் என்று அடம்பிடித்தவர் என்பதால் அவர் மகன் இங்கே கடையை அடகு வைத்துப் பில்லைக் கட்டியதையும் சொன்னேன். அந்தப் பெரியவரையே அத்தான் நம்பவில்லை. "அந்தக் காசுக்கு உங்க அக்காவுக்கு வழுக்காத ஷூ ஒண்ணு வாங்கிக் குடுத்தா அவ விழவே மாட்டா. அப்புறம் எதுக்கு இன்சூரன்ஸ்?" என்றார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அக்கா முந்திக்கொண்டாள்.

"ஷூவை நீங்க வாங்குங்க. இன்சூரன்ஸை நான் கட்டிக்கறேன்."

அப்படியே நடந்தது. அத்தான் கடை கடையாக ஏறி இறங்கி ஒரு ஜோடி ஷூ வாங்கி, குளியலறையில் தண்ணீரை ஊற்றி, அக்காவை அதில் நடக்கவிட்டுச் சோதித்தார். காப்பீட்டையும் அவர் சும்மா விடவில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அந்த ஊரில் போய் இறங்கியபோது பனி இல்லை, சாரல்தான். மறுநாள் காலையில் ஜன்னலைத் திறந்தால் தெருவெல்லாம் வெள்ளை. காலைச் சாப்பாடு ரூம் வாடகையோடு சேர்த்தி என்று ஹோட்டலில் எழுதிப் போட்டிருந்தார்கள். அது நிஜமாகவே சேர்த்திதானா, பின்னால் பில்லில் நுழைப்பார்களா என்று அத்தான் வரவேற்பு மேஜையில் நின்று அந்தப் பெண்ணைக் குடைந்துகொண்டிருந்தார். அக்கா எவ்வளவு நேரம்தான் காத்திருப்பாள்? தனியாக வாசலுக்குப் போனாள். கையை நீட்டிக்கொண்டே படியில் இறங்கினாள். ஈரக் குளியலறையில் வழுக்காத ஷூ, உறைந்துபோன படியில் வழுக்கியது. நான் ஓடிப் போனபோது அவள் வெள்ளைத் தரையில் ஒருக்களித்துக் கிடந்தாள். எழ முடியவில்லை.

"பிடிச்சேன்டி" என்றாள் என்னிடம். உள்ளங்கை ஈரமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. தள்ளிப் போடாமல் அறுவை சிகிச்சை செய்ய வேண்டும், நாளாக நாளாக நடப்பதே கஷ்டமாகிவிடும் என்றார் டாக்டர். காப்பீட்டு நிறுவனத்திலிருந்து உத்தரவாதக் கடிதம் வந்தால் உடனே ஏற்பாடு செய்கிறோம், இல்லையென்றால் முன்பணம் கட்டுங்கள் என்றார்கள் கவுண்டரில். அவர்கள் கேட்ட முன்பணத்துக்கு அக்கா இன்னொரு ஜென்மம் எடுத்துத் திரைச்சீலை தைக்க வேண்டும். எனக்குப் பயமில்லை. பாலிசி என் கைப்பையில் இருந்தது. அதிலிருந்த அவசர உதவி எண்ணுக்கு அடித்தேன். அத்தான் பக்கத்தில் நின்றார், அக்காவின் ஸ்ட்ரெச்சர் சுவரோரமாக இருந்தது.

எடுத்த பெண் மிகவும் மரியாதையாகப் பேசினாள். பாலிசி எண்ணையும், என்ன ஆயிற்று என்பதையும் கேட்டுக்கொண்டாள். பிறகு எதையோ தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது.

"மேடம், இதே எலும்பு முறிவுக்கு நீங்க ஏற்கெனவே கூப்பிட்டிருக்கீங்களே" என்றாள்.

"இல்லையே. இப்பத்தான் விழுந்தாங்க."

"பயணம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஒரு அழைப்பு பதிவாகியிருக்கு. மனைவி வீட்ல வழுக்கி விழுந்துட்டாங்க, இடுப்பு எலும்பு முறிஞ்சிருச்சுன்னு. கணவர் பேசியிருக்கார். கிளம்பறதுக்கு முன்னாடியே இருந்த பாதிப்புன்னா இந்த பாலிசியில வராது மேடம்."

 திரும்பி அத்தானைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், போன் பண்ணீங்களா?"

"எப்பக் கூப்பிட்டாலும் எடுப்போம்னு பாலிசியில போட்டிருந்தான். ஞாயித்துக்கிழமை சாப்பாட்டு நேரத்துல எடுக்கறானான்னு..." என்று இழுத்தார். "சும்மா சோதிச்சுப் பாத்தேன். எடுத்தாங்க."

அந்த இடத்திலேயே அவரை நான்கு வார்த்தை கேட்டிருப்பேன். அக்கா படுத்துக் கிடந்தாள் என்பதால் விழுங்கினேன். போனை ஸ்பீக்கரில் போட்டு அவர் கையில் கொடுத்தேன். "நீங்களே சொல்லுங்க."

சொன்னார். அந்தப் பெண் கேட்க ஆரம்பித்தாள். எத்தனை மணிக்கு விழுந்தாங்க, சார்? எந்தப் படி? நீங்க அப்ப எங்க இருந்தீங்க? கண்ணால பாத்தது யாரு? குரலை உயர்த்தவே இல்லை. அத்தான் தடுமாறினார். வரவேற்பு மேஜையில் இருந்தேன் என்றார், வாசலில் இருந்தேன் என்றார். நெற்றி வியர்த்தது. வாழ்நாளெல்லாம் அவர் அடுத்தவர்களைக் கேட்ட கேள்விகள் அவை. பதில் உண்மையாகவே இருந்தாலும் நாக்கு குழறும் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்திருக்கும்.

"ஒரே எலும்பை ரெண்டு தடவை சொல்றீங்க சார். முதல் தடவை சொன்னது பொய்னு இப்ப நீங்களே சொல்றீங்க. ரெண்டாவதை நான் எப்படி எடுத்துக்கறது?"

 நான் போனைப் பிடுங்கி, முறிவு புதுசா பழசா என்று டாக்டரையே கேளுங்கள் என்றேன். கேட்கிறோம், டாக்டர் எழுதித் தரட்டும், பரிசீலிக்கச் சில நாள் ஆகும், அதுவரை கடிதம் தர முடியாது என்றாள். காசு வாங்கும்போது இவர்களுக்கு நொடியில் எல்லாம் முடிந்துவிடும். கொடுக்கும்போதுதான் பரிசீலனை. அத்தான் அன்று சும்மா இருந்திருந்தால் கடிதம் வந்திருக்குமா, இந்த அழைப்பு இல்லையென்றாலும் வேறு ஏதாவது ஓட்டை தேடியிருப்பார்களா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. விற்பவளே நான்தான்.

ஸ்ட்ரெச்சரிலிருந்து அக்கா கையை ஆட்டினாள். "நான் அன்னிக்குப் பக்கத்துல நின்னு கத்தினேனேடி. அது அவங்க காதுல விழலியா?"

அத்தான் நிமிர்ந்தார். "ஆமாம்மா. இவ கத்தினா. நான் எப்பவும் ஸ்பீக்கர்லதான் பேசுவேன். ரெக்கார்டு பண்ணியிருந்தா போட்டுப் பாருங்க."

மேலதிகாரியைக் கேட்க வேண்டும் என்றாள். நாங்கள் காத்திருந்தோம். ஒரு நர்ஸ் வந்து அக்காவின் ஷூக்களை பிளாஸ்டிக் பையில் போட்டு அத்தான் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அவர் அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றார். பிறகு போனில் கரகரவென்று சத்தம், அதன் பின் அன்று பதிவான அத்தானின் குரல்.

"என் மனைவி வழுக்கி விழுந்துட்டா. இடுப்பு எலும்பு போச்சு. அசையவே முடியல."

உடனே அக்காவின் குரல், கொஞ்சம் தள்ளி, ஆனால் தெளிவாக.

"யாரு விழுந்தது? இங்க நின்னு துணி மடிச்சுட்டு இருக்கேன், கண்ணு தெரியலியா?"

"சும்மா இரு. எடுக்கறாங்களான்னு பாக்கறேன்."

"அதுக்கு என் இடுப்புதான் கிடைச்சுதா உங்களுக்கு? ஊருக்குக் கிளம்பற நேரத்துல நல்ல வார்த்தை வராதா வாயில? ஏங்க, நாளைக்கு நிஜமாவே எனக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்க பேச்சை எவன் நம்புவான்?"

பிறகு, ஆம்புலன்ஸ் எந்த முகவரிக்கு என்று யாரோ கேட்டார்கள். பார்த்துச் சொல்கிறேன் என்று அத்தான் வைத்துவிட்டார். அவ்வளவுதான்.

 அத்தான் பிளாஸ்டிக் பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து நீர் இறங்கியது, துடைக்கக்கூட இல்லை. அவர்மேல் எனக்கு இருந்த கோபத்தில் பாதி அங்கேயே கரைந்தது. மீதிப் பாதியை இன்னும் வைத்திருக்கிறேன்.

"அன்னிக்கு நான் சொன்னது பொய்தாம்மா" என்றார் போனிடம். "இன்னிக்குச் சொல்றது நிஜம்."

"நீங்க சொல்றதை நான் எடுத்துக்கல சார். பின்னாடி பேசின அம்மா சொன்னதை எடுத்துக்கறேன். கடிதம் இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போயிடும். அவங்களைப் பாத்துக்குங்க."

அவள் குரலில் சிரிப்பு இருந்ததா இல்லையா என்று இன்று வரை எனக்குத் தெரியவில்லை.

வார்டுக்குக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். வலிக்கு ஊசி போட்டிருந்ததால் அக்காவுக்குக் கண் சொருகியது. ஆனாலும் புருஷனைத் தெரிந்தவள் அல்லவா.

"போய்க் கேட்டுட்டு வாங்க, அந்தக் கடிதம் வந்துச்சான்னு. இல்லன்னா உங்களுக்கு இருப்புக் கொள்ளாது."

"வந்திருக்கும்" என்றார் அத்தான்.

அந்த வார்த்தையை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்தபடி நின்றார், அசையவில்லை. பக்கத்துக் கட்டில்காரருக்கு வந்த சாப்பாட்டுத் தட்டைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் சத்தமில்லாமல் நழுவி, கீழே கவுண்டருக்குப் போய்க் கேட்டேன். வந்திருந்தது. கடிதத்தைத் திரையில் காட்டச் சொல்லி, அக்காவின் பெயர் சரியாக இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் மேலே ஏறினேன்.